குட்டியின் வெறும் வயிறு

“செத்துப் போச்சுன்னா உன் டிகிரி வந்து வாசல்ல குலைக்குமாடி?”

எங்கள் நாய்க்குக் கருத்தடை ஆபரேஷன் செய்யப் போகிறேன் என்று நான் அறிவித்த அன்று அம்மா கேட்ட கேள்வி இது. முறத்தில் இருந்த அரிசியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்கவும் இல்லை. கல்லைப் பொறுக்கி ஓரமாகப் போட்டுவிட்டு எழுந்து உள்ளே போனாள். எழும்போது எப்போதும்போல் வலது விலாவுக்குக் கீழே கையை வைத்துக்கொண்டாள்.

என் டிகிரியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பத்தில் இளநிலைப் பட்டம். எங்கள் வம்சத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். நான் சொல்லவில்லை, தாசில்தார் சொல்லியிருக்கிறார். அவர் கையெழுத்துப் போட்ட முதல் பட்டதாரிச் சான்றிதழை லேமினேட் செய்து பீரோவில் வைத்திருக்கிறேன். அப்பாவும் அம்மாவும் கூலிக்கு நடவு நட்டு என்னைப் படிக்கவைத்தார்கள். இப்போது ஒன்றரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்துச் சொந்தமாகச் சாகுபடி செய்கிறார்கள். நான் கும்பகோணத்தில் ஒரு லேப்பில் ரத்தம் எடுக்கிறேன். வெள்ளைக் கோட்டு உண்டு. பஸ்ஸில் அதை மடித்து மடியில் வைத்துக்கொண்டு போவேன், கொஞ்சம் வெளியே தெரியும்படி.

குட்டி எங்கள் வீட்டுக்கு வந்தது சம்பா நடவு முடிந்த மழையில். அப்பா வயலிலிருந்து துண்டில் சுற்றி எடுத்துவந்தார். மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் கிடந்ததாம். செம்மண் நிறம், காலில் மட்டும் வெள்ளை. தெருவில் பார்த்தவர்கள் எல்லாரும் வாலைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள்: “பொட்டக் குட்டியா? வேற கெடைக்கலயா?” எங்கள் பக்கத்தில் ஆண் குட்டி என்றால் ஈன்ற வீட்டிலிருந்தே கேட்டு வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். பெண் குட்டிகளைச் சாக்கில் போட்டுக் கொள்ளிடக் கரையிலோ அடுத்த ஊர் வயலிலோ விட்டுவிட்டு வருவார்கள். குட்டி அப்படி விடப்பட்டதுதான். அதற்குப் பெயர் வைக்கவில்லை. அம்மா “குட்டி” என்று கூப்பிட்டாள், அது திரும்பிப் பார்த்தது, அதோடு முடிந்தது.

அதற்கு ஏழு மாதம் ஆனபோது நான் கணக்குப் போட்டேன். பருவத்துக்கு வரும். தெருவில் உள்ள அத்தனை ஆண் நாய்களும் எங்கள் வேலியைச் சுற்றும். ஐந்தோ ஆறோ ஈனும். அதில் பெண் குட்டிகளை யாரோ சாக்கில் போட வேண்டும். அப்பா போடமாட்டார். அம்மா போடமாட்டாள். அப்படியென்றால் யார்?

லேப்புக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு நாய் டாக்டர் இருந்தார். என்னைவிட ஐந்தாறு வயது மூத்த பெண். பத்தொன்பது கேள்விகளை நோட்டில் எழுதிக்கொண்டு போனேன்.

“எல்லாத்தையும் படிச்சிட்டு வந்துட்டீங்க போல,” என்றார் டாக்டர்.

“படிப்பேன் மேடம்,” என்றேன்.

பொறுமையாகவே பதில் சொன்னார். முதல் பருவத்துக்கு முன்னால் செய்துவிட்டால் பிற்காலத்தில் மடிக் கட்டி வரும் வாய்ப்பு குறையும். கர்ப்பப்பையில் சீழ் பிடித்துச் சாகும் ஆபத்து இருக்காது. நாட்டு நாய், நல்ல உடம்பு, தடுப்பூசி போட்டிருக்கிறது, ரத்தப் பரிசோதனை சரியாக இருந்தால் செய்யலாம். அந்த ரத்தப் பரிசோதனையை எங்கள் லேப்பிலேயே நானே செய்துவிடுகிறேன் என்றேன். மனிதருக்கான மெஷின் நாய்க்கு ஒத்துவராது என்றார். அந்த நாளில் எனக்கு விழுந்த முதல் அடி அது.

பதினோராவது கேள்வி: ரிஸ்க் இருக்கிறதா?

“இல்லன்னு சொன்னா நான் பொய் சொல்றேன். ஆனா ஆரோக்கியமா இருக்கற இளசு நாய்க்கு இது நாங்க அடிக்கடி பண்ற ஆபரேஷன்தான். கத்தியவிட மயக்க மருந்துக்குத்தான் ஜாக்கிரதையா இருக்கணும். அதனால முத நாள் ராத்திரியோட சாப்பாட்ட நிறுத்திடணும். காலையில வெறும் வயித்தோட வரணும்.”

“வெறும் வயிறு பத்தி எனக்குச் சொல்லவே வேணாம் மேடம். என் வேலையே அதுதான்.”

இந்த வாக்கியத்தை நான் சொன்னதற்கு டாக்டரும், மேசையில் படுத்திருந்த ஒரு பூனையும் சாட்சி.

உண்மையில் என் வேலை அதுதான். தினமும் காலை ஆறரையிலிருந்து சர்க்கரைக்காரர்கள் வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். “சாப்பிட்டீங்களா?” என்று கேட்டால் “இல்லம்மா, வெறும் வயிறு” என்பார்கள். ஊசியைக் கையில் எடுத்தபின் இன்னொரு தடவை கேட்பேன். “டீ குடிச்சீங்களா?” “டீ மட்டும்.” “அதோட?” “ரெண்டு பிஸ்கட்டு. அதெல்லாம் சாப்பாடா?” அவர்களைத் திருப்பி அனுப்புவதில் எனக்குத் தனிப் பெயர் உண்டு. முதலாளிக்கு அது பிடிக்காது. எனக்குப் பெருமை.

ஆபரேஷனுக்கு முதல் நாள் சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். “குட்டிக்கு ராத்திரி எட்டு மணிக்கு மேல சோறு போடாதம்மா. காலையிலயும் கெடையாது.”

“நான் ஏன் போடப்போறேன்,” என்றாள்.

அம்மாவிடம் இன்னொரு தடவை கேட்கவில்லை. வீட்டு ஆளாயிற்றே.

மறுநாள் அப்பாவின் மொபெட்டில் முன்னால் உரச் சாக்கை விரித்துக் குட்டியை உட்காரவைத்தோம். நான் பின்னால் உட்கார்ந்து கையை நீட்டி அதன் கழுத்துப் பட்டையைப் பிடித்துக்கொண்டேன். அப்பா திருப்பனந்தாள் தாண்டியதும் ஆரம்பித்தார்.

“இந்த நாய்க்கு நீ எத்தன கேள்வி கேட்டியாம்?”

“பத்தொம்பது.”

“உனக்கு மாப்ள பாக்கும்போதும் இதே டாக்டர்ட்டயே போயிடுவமா?”

டாக்டர் குட்டியின் எடையைப் பார்த்தார். ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்துக் கேட்டார். “சாப்பிட்டுச்சா?” என்றார். “இல்ல மேடம்,” என்றேன், ஒரு நொடிகூட யோசிக்காமல். முழு மயக்கத்துக்கு முன்னால் அமைதிப்படுத்தும் ஊசி ஒன்று உண்டு. அதைப் போட்டார். குட்டி என் கையை நக்கியது. கண் சொருகியது. பிறகு வயிறு ஒரு தடவை உள்ளே இழுத்தது, இன்னொரு தடவை இழுத்தது, வாந்தி எடுத்தது.

தினமும் பல வகை சாம்பிள்களைப் பார்க்கிறவள் நான். இதற்கு மைக்ரோஸ்கோப் தேவைப்படவில்லை. வெள்ளையாக, கொஞ்சம் புளித்த வாசனையோடு, பருக்கைகள் தெளிவாகத் தெரியும்படி இருந்தது. ஒரு மோர் மிளகாய்க் காம்பும் இருந்தது. எங்கள் வீட்டுப் பானையை எங்கே பார்த்தாலும் எனக்கு அடையாளம் தெரியும்.

டாக்டர் உடனே குட்டியின் தலையை மேசை விளிம்பிலிருந்து கீழே தொங்கவிட்டு, நாக்கை வெளியே இழுத்து, வாய்க்குள் விரலை விட்டு வழித்தார். “காலைத் தூக்கிப் பிடிங்க,” என்றார். பிடித்தேன். குட்டியின் உடம்பு ஈரத் துணி மாதிரித் துவண்டு கிடந்தது. ஈறு வெளுத்துப்போய் இருந்தது. அது மூச்சை இழுத்தபோது தொண்டையில் ஏதோ கரகரவென்றது. அம்மாவின் கேள்வி எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. பீரோவில் இருக்கும் அந்த லேமினேட் செய்த காகிதமும் ஞாபகம் வந்தது. அது குலைக்காது.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. டாக்டர் நெஞ்சில் வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் ஸ்டெதாஸ்கோப்பைக் காதிலிருந்து எடுத்தார்.

“உள்ள எதுவும் போகல. தப்பிச்சுது. இந்த ஊசிக்குச் சில நாய் வாந்தி எடுக்கும், அது சகஜம். வெறும் வயிறா இருந்தா நுரைதான் வரும். இதே முழு மயக்கத்துல எடுத்திருந்தா நுரையீரலுக்குள்ள போயிருக்கும். இன்னிக்கு ஆபரேஷன் கெடையாது.” பிறகு தரையைக் காட்டி, “இது என்னது?” என்று கேட்டார்.

அம்மாவுக்குப் போன் போட்டேன். கையெல்லாம் ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன். அது இன்னொரு தவறு.

“அம்மா, காலையில குட்டிக்கு என்ன குடுத்த?”

“ஒண்ணும் குடுக்கல.”

“ஒண்ணுமேவா?”

“ஒண்ணுமேதான். நீ சொன்னல்ல. சோறே போடல. அப்பா குடிச்ச மிச்சம் நீராகாரம் ஒரு கொட்டாங்கச்சி ஊத்துனேன், அவ்வளவுதான். அவ்ளோ தூரம் போவுது, வெறும் வயித்தோட எப்படிடி அனுப்புறது?”

அப்பா வெளியே பார்த்தார். டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே, “உங்க வேலையே அதுதான்னு சொன்னீங்க,” என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் பரவாயில்லை.

எங்கள் ஊரில் நீராகாரம் சாப்பாட்டில் சேராது. ராத்திரிச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் அதைக் கரைத்து உப்புப் போட்டு ஒரு சொம்பு குடித்துவிட்டுத்தான் வயலுக்குப் போவார்கள். பத்து மணிக்கு வரப்பில் பார்த்து “சாப்பிட்டாச்சா?” என்று கேட்டால் “இன்னும் இல்ல” என்பார்கள். பொய்யில்லை. சாப்பிடுவது என்பது உட்கார்ந்து, தட்டு வைத்து, குழம்பு ஊற்றிச் சாப்பிடுவது. பிறந்ததிலிருந்து அதே வீட்டில் அதே பானையில் குடித்து வளர்ந்தவள் நான். தெரிந்திருக்க வேண்டியவளும் நான்தான். ஊரார் எல்லாரிடமும் “டீ குடிச்சீங்களா, பிஸ்கட்டு தின்னீங்களா” என்று துருவிக் கேட்டுவிட்டு, சொந்த அம்மாவிடம் “சோறு போடாதே” என்று ஒரு வார்த்தையில் முடித்துக்கொண்டேன்.

மத்தியானம்வரை குட்டியை அங்கேயே வைத்திருந்து பார்த்தார்கள். வீட்டுக்கு வந்தபோது அது மருந்து முழுதாகத் தெளியாமல் தெருவில் பக்கவாட்டாக நடந்தது. அம்மா வாசலுக்கு ஓடிவந்து தூக்கிக்கொண்டாள். நடந்ததைச் சொன்னேன். நீராகாரம் நுரையீரலுக்குள் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் சொன்னேன். அதைச் சொல்லியிருக்க வேண்டாம். அம்மாவின் முகம் மாறிவிட்டது.

“நான் ஊத்துனதுனாலயா?”

“நான் சரியா சொல்லலம்மா.”

“போதும். இனிமே அது மேல கைய வைக்காத. அது ஈனுனா ஈனட்டும். என்கிட்ட விட்டுடு.”

“பொட்டக் குட்டிய எல்லாம் யாரு கொண்டுபோய் விடறது?”

“அதான் விட்டுடுன்னு சொல்றேன்ல.”

“டாக்டர் மறுபடி தேதி குடுத்திருக்காங்க. பருவம் வந்துட்டா அப்புறம் ரெண்டு மூணு மாசம் காத்திருக்கணும். இப்பவே பண்றதுதான் நல்லது.”

“நல்லதுன்னுதான் என்னையும் ஜீப்புல ஏத்திக்கிட்டுப் போனாங்க,” என்றாள் அம்மா.

குட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு உள்ளே போனாள். ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் என் தம்பி பிறந்த பிறகு அம்மாவுக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆனது எனக்குத் தெரியும். ரேஷன் கார்டு எங்கே இருக்கிறது என்று தெரிவதுபோலத் தெரியும். அதைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்டதில்லை.

நாய் அம்மாவுடையது. அப்பா எடுத்துவந்தார், நான் தடுப்பூசி போட்டுக் கொண்டுவந்தேன், ஆனால் அது படுப்பது அம்மாவின் புடவைத் தலைப்பில். அம்மா வேண்டாம் என்றால் வேண்டாம்தான். நான்கு நாள் கழித்து அம்மாவிடம், “நீயே வந்து டாக்டர்ட்ட கேளு. நீ வேணாம்னு சொன்னா விட்டுடறேன்,” என்றேன். அம்மா நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தாள். நோட்டு எதுவும் கொண்டுவரவில்லை. டாக்டர் உட்காரச் சொல்லியும் நின்றபடியே மூன்று கேள்வி கேட்டாள்.

“மயக்கம் தெளியறவரைக்கும் பக்கத்துல ஆளு இருப்பாங்களாம்மா?”

“நானே இருப்பேன். நீங்களும் இருக்கலாம்.”

“வலிக்கு எதாவது குடுப்பீங்களா?”

“ஊசி போட்டுத்தான் அனுப்புவோம். வீட்டுக்கும் அஞ்சு நாளைக்கு மருந்து தருவோம்.”

“நாய்க்கா?”

“நாய்க்குத்தாம்மா. வலி எல்லாத்துக்கும் வலிதானே.”

அம்மாவின் கை வலது விலாவுக்குப் போனது. பிறகு மூன்றாவதைக் கேட்டாள். “எத்தன நாள் படுக்க வைக்கணும்?”

“பத்து நாள். குதிக்கக் கூடாது, ஓடக் கூடாது, தையல நக்கக் கூடாது.”

“சரி, பண்ணுங்க,” என்றாள்.

என்னுடைய பத்தொன்பதில் இந்த மூன்றும் இல்லை. பஸ்ஸில் வரும்போது நோட்டைத் திறந்து பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அம்மா தானாகவே சொன்னாள். “ஆபரேஷன் பண்ணி மறுநாளே என்னைய வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. பதினோராம் நாள் நாத்துப் பறிக்க ஆளு கூப்பிட்டாங்க. போனேன்.”

“வேணாம்னு யாரும் சொல்லலயா?”

“சொல்லியிருந்தாலும் போயிருப்பேன். நடவு நேரம்டி.” கொஞ்சம் தள்ளி வயலில் மிஷின் நடவு நடந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, “அன்னையிலேர்ந்துதான் இந்தப் பக்கம் பிடிச்சுக்குது,” என்று வலது விலாவைத் தொட்டுக் காட்டினாள்.

இரண்டாம் தடவை நான் எதையும் விடவில்லை. காலண்டர் தாளின் பின்பக்கம் ‘குட்டி’ என்று தலைப்புப் போட்டு எழுதி அடுப்புக்கு மேலே ஒட்டினேன்: சோறு கூடாது, நீராகாரம் கூடாது, கஞ்சி கூடாது, பால் கூடாது, டீ கூடாது, பிஸ்கட் கூடாது, அப்பா தட்டில் மிச்சம் கூடாது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது என்பதால் இரண்டு தடவை படித்துக் காட்டினேன். “மீன் முள்ளு?” என்று கேட்டாள். சேர்த்துக்கொண்டேன். காலையில் அப்பா நீராகாரச் சொம்போடு கொல்லைப்பக்கம் போய், கதவைச் சாத்திக்கொண்டு குடித்தார். “கள்ளுக் குடிக்கிறவன்கூட இப்படி ஒளிஞ்சு குடிக்க மாட்டான்,” என்றார். குட்டி கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அழுதது.

டாக்டர் “சாப்பிட்டுச்சா?” என்று கேட்டபோது நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா, “சோறு, நீராகாரம், கஞ்சி, பால், டீ, பிஸ்கட்டு, மிச்சம், மீன் முள்ளு, எதுவும் இல்ல,” என்று ஒப்பித்தாள். டாக்டர் சிரிக்காமல் எழுதிக்கொண்டார்.

முதல் ஊசிக்கு நுரைதான் வந்தது. அதைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்ட குடும்பம் வேறு இருக்காது. கதவு மூடியது. அப்பா டீக்கடைக்குப் போவதும் வருவதுமாக இருந்தார். அம்மா கதவுக்கு நேரே, சுவரில் சாயாமல், தரையில் உட்கார்ந்திருந்தாள். எனக்கு லேப்பிலிருந்து போன் வந்தது. எடுக்கவில்லை. கதவு திறந்து, “முடிஞ்சுது, நல்லா மூச்சு விடுது, வந்து பாருங்க,” என்று டாக்டர் சொன்னபோது அம்மாதான் முதலில் உள்ளே போனாள். குட்டி நாக்கைப் பக்கவாட்டில் தொங்கவிட்டுக் கிடந்தது. வயிற்றில் என் சுண்டுவிரல் நீளத்துக்குத் தையல். அம்மா அதை எண்ணுவதுபோலப் பார்த்தாள். அது வாலின் நுனியை அசைக்கும்வரை அம்மா அதன் காதை விடவில்லை.

தையலை நக்காமல் இருக்கக் கழுத்தில் மாட்டிவிட்ட பிளாஸ்டிக் கூம்போடு குட்டி முதல் நாள் இரண்டு குடத்தையும் அப்பாவின் காலையும் இடித்தது. அம்மா அதைக் கழற்றி எறிந்துவிட்டு, அப்பாவின் பனியனில் நான்கு ஓட்டை போட்டு, வயிறு மூடும்படி முதுகில் முடிச்சுப் போட்டு மாட்டிவிட்டாள். போட்டோ எடுத்து டாக்டருக்கு அனுப்பினேன். தாராளமாகப் போடலாம், அழுக்கானால் மாற்றுங்கள் என்றார். பத்து நாளும் அம்மா நடவுக்குப் போகவில்லை. கூப்பிட வந்த பெண்களிடம், “எங்க வீட்ல ஒருத்திக்கு ஆபரேஷன் ஆயிருக்கு, வெயிட்டு தூக்கக் கூடாது,” என்றாள்.

“நாய் என்னாத்த வெயிட்டு தூக்கப் போவுது, அக்கா?” என்று ஒருத்தி கேட்டாள்.

“நீ ஒண்ணும் அத கூப்பிட வேணாம், போடி.”

பதினோராம் நாள் தையல் பிரித்துவிட்டு வந்தோம். அவிழ்த்து விட்டதும் குட்டி வாய்க்கால்வரை ஓடி, அங்கே இருந்த கொக்கை எல்லாம் கிளப்பிவிட்டுத் திரும்பி வந்தது. தண்ணீர்க் குடத்தோடு வந்துகொண்டிருந்த அம்மா அதைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு குடத்தை இறக்கிவைத்துவிட்டு வலது பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். நாய்க்காகப் பத்தொன்பது கேள்வி எழுதியவள் நான். அந்தக் கைக்காக ஒன்றும் எழுதியதில்லை. அன்று கேட்டேன். எப்போதிலிருந்து, எந்த நேரத்தில், சாப்பிட்ட பிறகா முன்பா, முதுகுக்குப் போகிறதா, எவ்வளவு நேரம் நிற்கிறது. அம்மா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். கடைசியில், “அந்த ஆபரேஷன்தாண்டி காரணம்,” என்றாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் தெரியாது. தெரியாததைத் தெரியும் என்று சொல்லும் பழக்கத்தை ஒரு மாதமாகக் குறைத்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் லேப்பில் கேட்டு, பெண் டாக்டர் பார்க்கும் இடமாகப் பார்த்து, வயிற்று ஸ்கேனுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். நாளைக் காலை ஏழரை மணி. வெறும் வயிறு. அடுப்புக்கு மேலே இருந்த தாளில் ‘குட்டி’ என்பதை அடித்துவிட்டு ‘அம்மா’ என்று எழுதி இரண்டு தடவை படித்துக் காட்டினேன். “தெரியும் போடி, நான் என்ன நாயா?” என்றாள். அம்மாவை நம்புகிறேன். ஆனாலும் ராத்திரி எல்லாரும் சாப்பிட்டு முடித்ததும் சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்துத் தெருவில் சித்தி வீட்டில் வைத்துவிட்டு வந்தேன். குட்டி சித்தி வீட்டு வாசல்வரை பானையோடு வந்தது.